தொட்டி எங்கே இருக்கிறது, அக்கா?

அக்கா,

சாம்பிராணிப் புகையில் உங்களை நினைத்துக்கொண்டேன், மல்லிகை வாசத்தில் உங்கள் முகம் வந்தது என்றெல்லாம் எழுதத்தான் எனக்கும் ஆசை. உண்மையைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை பின்வாசல் கதவைத் திறந்தேன். கக்கூஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. அந்த நாற்றத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். "அக்கா, தொட்டி எங்க இருக்கு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்பது உறைத்தது.

நான் எதற்கும் பயப்படுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்தே காலத்தைக் கழித்தவள். ஒரு மாத்திரை அட்டையின் தேதியை மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் ஜன்னல் வழியாக நீட்டுவேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "ஏத்தா பிலோ, பல்லி கத்துனாலே பாவசங்கீர்த்தனம் பண்ணச் சாமியார்கிட்ட ஓடுறவளாச்சே நீ" என்று கேலி செய்வீர்கள். ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த ஓரகத்திகள் நாம். துணிச்சலை எல்லாம் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், மிச்சம் இருந்தது எனக்கு வந்தது.

இந்த வீட்டுக்கும் வயதாகிவிட்டது. சுவருக்குள் ஓடுகிற இரும்புக் குழாய் துருப்பிடித்து, காலையில் முதல் செம்புத் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து படிந்து, சில இடங்களில் குழாய்க்குள் சுண்டுவிரல்கூட நுழையாது. இதற்கெல்லாம் நீங்கள் பதறியதே இல்லை. கசிகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டு, "இன்னும் பத்து வருசம் ஓடும், போ" என்பீர்கள். ஓடவும் செய்தது.

இந்த நாற்றம் டியூப் கட்டி நிறுத்துகிற சங்கதியாக இல்லை. மூன்றாம் நாள், கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றது. குளியலறையில் யாராவது ஒரு வாளியைக் கவிழ்த்தால் கக்கூஸ் பீங்கானுக்குள் களக் களக் என்று சத்தம் வந்தது. "மழ ஈரம். ரெண்டு நாள்ல தானா சரியாயிரும்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாம் ரெண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும்.

அந்த வாரம் பார்த்துத்தானா சமையல்காரர் வர வேண்டும்? உங்கள் மகன் அருளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தோம். கோயிலில் திருப்பலி முடிந்து விருந்து நம் வீட்டில்தான் என்று அருள் பிடிவாதமாக இருந்தான். "அம்மா இருந்தா மண்டபத்துல வைக்க விட்டிருக்குமா, சித்தி?" என்று கேட்டான், நானும் சரி என்றேன். சமையல்காரர் பின்முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாலு அடுப்பு வெட்டணும். ரெண்டடி ஆழம் போதும். எங்க வெட்டட்டும்?" என்று செருப்புக் காலால் தரையில் கோடு இழுத்தார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் தரைக்குக் கீழே எங்கேயோ முப்பது வருஷப் பழைய கக்கூஸ் தொட்டி இருக்கிறது. அதன் மேல் நெருப்பு மூட்டி, அண்டா ஏற்றி, நானூறு பேரை நடமாட விடப்போகிறோம். எந்த இடம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

வேடசந்தூரிலிருந்து கொத்தனார் முனியாண்டியை வரவழைத்தோம். குழாய் வேலையும் தெரிந்த மனிதர். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தொட்டி எங்க?"

"அதெல்லாம் எங்க மதினிக்குத்தான் தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவகளக் கூப்புடுங்க, கேட்டுக்கிருவோம்."

என் வீட்டுக்காரர் சுவரில் மாலையோடு தொங்கிய உங்கள் படத்தைக் காட்டினார். முனியாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

யாரிடம் போய்க் கேட்பது? அதைக் கட்டிய கொத்தனார் உங்களுக்கு முன்பே போய்விட்டார். உங்கள் வீட்டுக்காரரோ அப்போது லாரியோடு வடக்கே இருந்தார். இப்போது அவரும் இல்லை. என்னவர் மில்லில் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுப் படுக்கிற மனிதர். நான் தலைப்பிரசவத்துக்குச் சேவுகம்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன்.

நீங்கள் அந்தக் கக்கூஸைக் கட்டியதே எனக்காகத்தான். வயிற்றுப் பிள்ளையோடு நான் கருவேலங்காட்டுக்குப் போக நடுங்குவதைப் பார்த்துப் பார்த்து உங்களுக்குப் பொறுக்கவில்லை. மாமனார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "ஒல கொதிக்கிற வீட்டுல கக்கூசா? அப்பறம் இங்க நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றாராம். நீங்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற நாள் வரைக்கும் காத்திருந்தீர்கள். இந்தப் பக்கம் அவர் காவித் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்ப, அந்தப் பக்கம் முற்றத்தில் கடப்பாரை இறங்கியது. சுக்காம்பாறையை உடைத்துக் குழி எடுத்து, தொட்டி கட்டி, மூடி போட்டு, மேலே செம்மண் நிரப்பிச் சாணி தெளித்து மெழுகி, அவர் மொட்டைத் தலையோடு திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டீர்கள். புதிதாக நின்ற அறையைப் பார்த்து அவர் கேட்டபோது, விறகு அறை என்று சொல்லிவிட்டீர்கள். நான் பிள்ளையோடு வந்து சேர்ந்தபோது மனிதர் அதை நம்பிக்கொண்டிருந்தார். "வெறகெடுக்கப் போறேன் மாமா" என்று சொல்லிவிட்டு நாம் செம்போடு போவோம். "வெறகெடுக்கப் போனவளுக இம்புட்டு நேரமா?" என்று ஒருநாள் கேட்டார் பாருங்கள், நீங்கள் அடுப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அப்புறம் ஒரு மழைநாளில் வயிறு கலங்கி அவரே அங்கே ஓடினார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. கடைசி வரைக்கும் அதிகம் பயன்படுத்தியவரும் அவர்தான்.

தொட்டி எங்கே என்று நான் கேட்காமலா இருந்தேன்? கைப்பிள்ளையோடு வந்த முதல் நாளே கேட்டேன். "நீ நிக்கிறியே, அதுக்குக் கீழதான்" என்றீர்கள். பிள்ளையோடு துள்ளிக் குதித்தேன், உங்கள் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தீர்கள். இன்னொரு வருஷம் முருங்கைக்குக் கீழே என்றீர்கள், "இல்லன்னா இந்தப் பாழாப்போன மண்ணுல அம்புட்டுக் காய் காய்க்குமா?" என்று ஆதாரம் வேறு. பிறகு ஆட்டுக் கொட்டகைக்குக் கீழே என்று மாற்றிச் சொன்னீர்கள். நான் ஒவ்வொரு இடத்தையும் சுற்றிக்கொண்டு நடப்பதைப் பார்ப்பது உங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

முனியாண்டியிடம் அந்த மூன்று இடங்களையும் காட்டினேன். கடப்பாரையை இறக்கினார். மூன்றிலும் பாறைதான். "என்னம்மா, அந்தம்மா உங்களுக்குப் போக்குக் காட்டிருக்காக போல" என்றார். நல்லவேளை பொய் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா. பொய் என்றால் நிஜம் வேறு எங்கோ இருக்கிறது.

மத்தியானம் சோற்றைத் தட்டோடு மூடி வைத்தேன். அடுப்படியில் உட்கார்ந்து, நீங்கள் காட்டிய இடங்களை விட்டுவிட்டு, காட்டாத இடத்தை யோசிக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் எங்கள் சுகாதார நிலையத்துக்கு இரண்டு ஆட்களை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஒருவர் தொட்டி சுத்தம் செய்ய இறங்கியவர், மற்றவர் மயங்கியவரைத் தூக்க இறங்கியவர். இரண்டு பேருக்கும் உயிர் இல்லை. உள்ளே இருந்த விஷக்காற்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லி அழுதேன். வழக்கமாக ஏதாவது சொல்லித் தேற்றுவீர்கள். அன்றைக்கு முறத்தில் இருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த வாரம், பின்வாசலுக்கு எதிரே கிடந்த துவைக்கிற கல்லை இரண்டு ஆட்களை வைத்து வேம்படிக்கு நகர்த்தினீர்கள். அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் நான் பத்து வருஷத்துக்கு மேல் துணி துவைத்தேன், மீன் ஆய்ந்தேன், தலை உலர்த்தினேன். "வெயிலு மண்டையப் பொளக்குது. இனிமே நெழல்ல உக்காரு" என்றீர்கள். கல் கிடந்த இடத்தில் கனகாம்பரம் நட்டு, சுற்றி முள் வெட்டி அடைத்தீர்கள். பூவின் மேல் அப்படியொன்றும் ஆசை இல்லாத உங்களுக்கு எதற்குக் கனகாம்பரம் என்று நான் கேட்கவே இல்லை. என் பேரன் ஒருநாள் பந்தை எடுக்க முள்ளைத் தாண்டினான் என்று முதுகில் ஒன்று வைத்தீர்கள். உங்கள் கை பிள்ளைகள் மேல் பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுப்படியிலிருந்து எழுந்து ஓடினேன். பின்வாசலுக்கு நேரே நான்கு எட்டு. முள்வேலியும் இல்லை, செடியும் இல்லை, வெறும் தரை. முனியாண்டி கடப்பாரையைக் குத்த வேண்டியதுகூட இல்லை. திருப்பிப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். டொம் என்றது.

மண்ணை விலக்கி, மூடியின் ஒரு மூலையைச் சுரண்டினார். சிமெண்டு சுக்கு நூறாக உதிர்ந்து கை அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அதற்குள் இருட்டு. உள்ளே பார்க்கக் குனிந்தபடியே அவர் காதிலிருந்த பீடியை எடுத்து வாயில் வைத்துத் தீக்குச்சியை உரசப் போனார். நான் போட்ட சத்தத்தில் தெருவே வந்துவிட்டது. தொட்டிக் காற்று பற்றிக்கொள்ளும் என்று தீப்பெட்டியைப் பிடுங்கித் தூர எறிந்தேன். "யாரும் இதுக்குள்ள எறங்கக் கூடாது. குனிஞ்சுகூடப் பாக்கக் கூடாது. எல்லாரும் தள்ளிப் போங்க" என்று கத்தினேன். இறங்கி வழிக்க ஆள் இருக்கிறது, போன் போட்டால் வந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். அந்த ஆளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும் என்றேன். உறிஞ்சுகிற லாரி வருகிற வரைக்கும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கேயே காவல் நின்றேன்.

காலி செய்து, தள்ளி நின்று பலகை பலகையாகப் பெயர்த்தபோதுதான் மூடியின் அடிப்பக்கம் தெரிந்தது. சிமெண்டு தட்டுத் தட்டாக உதிர்ந்து, கம்பிகள் துருவேறிப் பொரிந்து போயிருந்தன. "காத்துக் குழாயே வைக்கலையேம்மா. உள்ள அடஞ்ச காத்து போக வழியில்லாம மூடியவே தின்னுருச்சு" என்றார் முனியாண்டி. எப்படி வைப்பீர்கள்? முற்றத்தில் ஒரு குழாய் உயரமாக நின்றிருந்தால் மாமனாருக்கு விறகு அறைக் கதை அன்றே தெரிந்திருக்கும். "ஒரு அண்டா வேணாம். நாலு பேரு சேந்து நின்னாலே போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவப் போனார்.

நாலு பேர் இல்லை, அக்கா. நீங்கள் செத்த அன்று அங்கே எத்தனை பேர் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்களைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று முன்பக்கம் இடம் பற்றாது, பந்தலைப் பின்முற்றத்தில் போடுவோம் என்றார்கள். பந்தல்காரர் முள்வேலிக்குப் பக்கத்தில் நின்று, "இந்தப் பூச்செடிய என்ன பண்ண?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டே, "அவகளே போயிட்டாக, செடி எதுக்கு? பிடுங்குங்க" என்றேன். நான்தான் சொன்னேன். பிடுங்கி, மிதித்துச் சமப்படுத்தி, அதே இடத்தில் உங்கள் ஐஸ் பெட்டியை வைத்தார்கள். அதைச் சுற்றி நாற்காலிகள். சொந்தபந்தம் முழுவதும் அங்கே நின்று ஜெபமாலை சொன்னது. என் பேத்தி பெட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவே புகுந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பங்குச் சாமியார் வந்து மந்திரித்து முடிந்ததும், ஆறு ஆண்கள் அங்கே காலை ஊன்றித்தான் உங்களைத் தோளுக்குத் தூக்கினார்கள். அதில் ஒருவன் அருள்.

நடக்கப்போகிறதற்குப் பயந்துதான் எனக்குப் பழக்கம். நடந்து முடிந்த ஒரு நாளுக்கு இப்படிப் பயப்பட முடியும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். கண்ணை மூடினால் பேத்தி அந்த இடத்தில் குதிக்கிறாள். மாதா காப்பாற்றினாள் என்று தெருவில் சொல்கிறார்கள். இருக்கலாம். எதனால் அது தாங்கியது என்று முனியாண்டிக்கும் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. படத்துக்கு முன்னால் நின்று, "ஒரு வார்த்தை சொல்லிருந்தா என்ன?" என்று சண்டை போட்டேன். சொன்னால் நான் அந்த வீட்டிலேயே இருக்கமாட்டேன் என்று நினைத்தீர்களா? பத்து வருஷம் எந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன் என்று தெரிந்தால் எனக்கு நெஞ்சு நின்றுவிடும் என்று பயந்தீர்களா? ஆமாம், பயந்திருக்கிறீர்கள். தொட்டியில் இறங்கிச் செத்த அந்த இரண்டு பேரின் கதையைக் கேட்ட நாளிலிருந்து நீங்களும் பயந்துகொண்டேதான் இருந்திருக்கிறீர்கள். என்னைக் கேலி செய்துகொண்டே, தினமும் அந்த முள்வேலியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு. துணிச்சல்காரி என்று பேர் வாங்கிவிட்டதால் யாரிடமும் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது போல. என்னிடம் சொல்லியிருக்கலாம், அக்கா. பயம் எனக்குத் தெரிந்த விஷயம்தானே. இரண்டு பேரும் சேர்ந்தே பயந்திருக்கலாம்.

புது மூடி போட்டாயிற்று. தேறிக் காய இருபது நாளுக்கு மேல் யாரையும் பக்கத்தில் விடவில்லை. காற்றுக் குழாய் கூரைக்கு மேல் நிற்கிறது, தெருமுனையிலிருந்தே தெரியும். "கல்யாண வீட்டுல இதென்ன அசிங்கமா?" என்று உங்கள் தங்கச்சி கேட்டார்; நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுப்பை எல்லாம் வெளியே வேம்புக்கு அந்தப் பக்கம் வெட்டச் சொன்னேன். அருளின் கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்ததாம். நான் சாப்பிடவில்லை. தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் வந்ததைக்கூட அங்கிருந்துதான் எட்டிப் பார்த்தேன். பெண் கட்டியிருந்தது உங்களுக்குப் பிடித்த பச்சைச் சேலை.

மூன்றாம் நாள் மருமகள் ஜெனியைப் பின்முற்றத்துக்குக் கூட்டிப் போனேன். அய்யலூர்ப் பெண். முதலில் இதைத்தான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். "இந்தா பாரு, தொட்டி இதுக்குக் கீழதான் இருக்கு. இந்த மூலையிலருந்து அந்த மூலை வரைக்கும். இது காத்துக் குழாய். இதுமேல பாரம் ஏத்தக் கூடாது, தெறந்தா யாரையும் எறங்க விடக் கூடாது. எனக்கு அப்பறம் நீதான் சொல்லணும்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அத்தை, எங்க வீட்டுல எங்க இருக்குன்னு எனக்கே தெரியாதே" என்றவள், நின்ற இடத்திலேயே போனை எடுத்து அவள் அம்மாவுக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அம்மா, நம்ம வீட்டுத் தொட்டி எங்க இருக்கு?"

"தாலி கட்டி மூணு நாளாகல, கேக்குற கேள்வியப் பாரு. அதெல்லாம் அப்பாவுக்குத்தான்டி தெரியும்."

ஜெனியின் அப்பா போன தவக்காலத்தில் இறந்தவர். "நெசமாவே எனக்குத் தெரியலையே, ஆத்தா" என்று அவள் அம்மாவின் குரல் இறங்கி வந்தது. பின்னால் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம். ஜெனியின் அண்ணன் பிள்ளைகளாம். முற்றத்தில் பந்து அடிக்கிறார்களாம்.

நாளைக் காலை அய்யலூருக்குப் போக முதல் பஸ்ஸுக்கு முனியாண்டியை வரச் சொல்லியிருக்கிறேன். "சம்பந்தி வீட்டுத் தொட்டிய நோண்ட ஒனக்கெதுக்கு ஊர்வம்பு?" என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்குப் பயம்தான். முன்பின் பார்க்காத முற்றம். எங்கே கால் வைப்பது என்று தெரியாது. சுவரோரமாகவே நடந்து போவேன். முதலில் பிள்ளைகளை வெளியே கூப்பிட்டுவிடுவேன்.

பிலோ